பொத்தானைக்கு அர்த்தம் சொன்னது யார்

என் ஐயா ஜோயலுக்கு, அம்மா எழுதுகிறேன்.

போன ஞாயிறு மத்தியானம் நீ புனேயிலிருந்து போன் செய்தாய். ஸ்வாதி வீட்டில் தேதி முடிவாகிவிட்டது, ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து, அதற்குப் பிறகு ஒரு சின்ன ஹாலில் சாப்பாடு என்றாய். அவள் அம்மாவுக்கு என்ன நிறச் சேலை பிடிக்கும் என்று கேட்டேன். நீ சிரித்தாய். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வைக்கும் முன்னால்தான் சொன்னாய்: "மா, நீயும் அப்பாவும் கண்டிப்பா வரணும். ஆனா அங்க வந்து யாரும் ஜெபம் பண்ண வேண்டாம். நீயும் பண்ண வேண்டாம். பண்ணா நான் எந்திச்சுப் போயிருவேன்." சரிய்யா என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே நின்றேன். குழம்பு அடிப்பிடித்த வாசனை பிடித்து உன் அப்பாதான் வந்து அடுப்பை அணைத்தார்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பெற்ற மகன் கல்யாணத்தில் ஒரு வாய் ஜெபம் பண்ணக் கூடாதா என்று மூன்று நாள் முனகிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். நாலாம் நாள்தான் நீ சொன்னது வேறு என்று பட்டது. ஆண்டவரை வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. ஜெபம் என்ற பேரில் நாலு பேர் நடுவில் உன்னைத் திறந்து வைப்பதை வேண்டாம் என்கிறாய். அது உனக்கு எங்கே நடந்தது என்று உனக்குத் தெரியும். யாரால் நடந்தது என்பதில் பாதிதான் தெரியும். மீதிப் பாதி பன்னிரண்டு வருஷமாக என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு வாய் வராது.

போனிலேயே சொல்லலாம். ஆனால் பேசினால் அழுவேன், அழுதால் நீ "விடும்மா" என்பாய். உன்னை நான் அப்படித்தான் வாயடைத்து வந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். நீ இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே வாசி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் சபையில் வாலிபர் ஊழியத்தின் பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளை வளர்த்த விதம் பற்றி என்னைச் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வேறு சாட்சி இல்லை, இந்தக் கடிதம்தான் இருக்கிறது. நீ சரி என்று சொன்னால் மட்டும் இதை அங்கே வாசிப்பேன். சொல்லவில்லை என்றால் இது உன் கையோடு முடிந்துவிடும்.

பொருத்தனை பற்றி உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ மாசம் நிறையாமல் பிறந்தாய். எட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். உன் நெஞ்சு கோழிக்குஞ்சு நெஞ்சு மாதிரி ஏறி இறங்கியது. அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே இவனைப் பிழைக்க வைத்தால் இவனை உம்முடைய ஊழியத்துக்கே ஒப்புக்கொடுக்கிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னபோது, அவர் பட்டறையில் தோல் வெட்டிய கையைத் துடைத்துக்கொண்டே, "யார்ட்டடி கேட்டுட்டுக் குடுத்த?" என்றார். எனக்கு அது விசுவாசம் இல்லாதவன் பேச்சாகப் பட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் சரியான கேள்வி கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

உனக்குப் பேச்சு வந்த பிறகு, வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இவன் பொருத்தனைப் பிள்ளை என்று சொல்வேன். உன் வாயில் அந்த வார்த்தை நுழையவில்லை. "நான் பொத்தானை" என்பாய். அது ஏதோ ஒரு ஜாதி ஆனை என்று நினைத்திருக்கிறாய். தும்பிக்கை மாதிரி கையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் சுற்றுவாய். நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்போம். பத்து வயசில் அர்த்தம் தெரிந்த பிறகு நீ கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டாய். அதை நான் கவனித்தேன். வளர்கிறான், வெட்கப்படுகிறான் என்று எண்ணிக்கொண்டேன். வீட்டில் பழுதான மிக்ஸியைப் பிரித்துப் போட்டு மறுபடி ஓட வைத்தபோதும், இந்தக் கை ஒரு நாள் பிரசங்கபீடத்தில் வேதத்தைத் திருப்பும் என்றுதான் எனக்குத் தோன்றியதே தவிர, இந்தக் கைக்கு மிக்ஸிதான் பிடித்திருக்கிறது என்று தோன்றவில்லை.

கிறிஸ்டோபர் பிரதர் நம் சபைக்கு வந்தபோது உனக்குப் பதிமூன்று வயசு. செம்பூரில் நல்ல ஆபீஸ் வேலை, கையில் கிட்டார், எங்களோடு தமிழ், உங்களோடு பம்பாய் ஹிந்தி. அவரைப் பற்றி இப்போது எனக்குள் என்ன இருந்தாலும், அந்த நாளை நான் பொய்யாகச் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் தாராவியில் நம் சந்துப் பிள்ளைகள் எங்கே நிற்கும், யாரோடு நிற்கும் என்று வயிற்றில் பயம் கட்டிக்கொண்டு இருந்த தாய்மார் நாங்கள். அவர் வந்த பிறகு சனிக்கிழமை உங்களுக்குக் கூடுகை, பாட்டு, கணக்கு டியூஷன், கேரம். புதன்கிழமை எங்களுக்குப் பெற்றோர் ஜெபக் கூட்டம். "பிள்ளைங்கள அடிக்காதீங்க அக்கா, பேசுங்க" என்று எங்களுக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நீ அவரைப் பார்க்கிற பார்வையை உன் அப்பாவுக்குக்கூடக் கொடுத்ததில்லை. எனக்கும் அவர் தேவதூதன் மாதிரிதான் இருந்தார்.

அவர் ஒரு பெட்டி வைத்தார். செருப்புக் கடை அட்டைப் பெட்டிக்கு வெள்ளித்தாள் ஒட்டி, மேலே ஒரு கீறல். வீட்டில் சொல்ல முடியாததை, கூட்டாளியிடம் சொல்ல முடியாததை, பேர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிப் போடுங்கள், ஆண்டவரையும் என்னையும் தவிர யாரும் பார்க்க மாட்டோம், மாசக் கடைசியில் எரித்துவிடுவேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தார். நீயே வந்து என்னிடம் அதைப் பெருமையாகச் சொன்னாய்.

நீ அறியாதது, அந்தச் சீட்டுகள் எரிகிறதுக்கு முன்னால் என் மடிக்கு வந்தன என்பதுதான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். வேதத்தை விரல் வைத்து வாசித்து வாசித்தே தமிழ் படித்தேன், சங்கீதங்களை நோட்டில் பார்த்து எழுதியே கையெழுத்தைத் திருத்தினேன். என் ஜெப நோட்டை உனக்குத் தெரியும். நாலு பத்தி கோடு போட்டிருப்பேன்: தேதி, யாருக்காக, என்ன காரியம், பதில். பதில் வந்தால் ஒரு சரி போடுவேன். அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிறிஸ்டோபர் பிரதர் ஒரு புதன்கிழமை உங்கள் சீட்டுகள் போட்ட கவரை நீட்டினார். "அக்கா, உங்கள மாதிரி ஒழுங்கா எழுத யாருமில்ல. பேர் இல்லையே, பாரம்தான இருக்கு. தாய்மார் சேந்து ஜெபிச்சா நல்லதுதான" என்றார். ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டேன். தேவரகசியத்தை என் கையில் தந்ததாக நினைத்தேன்.

நீங்கள் எல்லாம் ஹிந்தியை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது என்றுதான் நீ நினைத்திருந்தாய். உன் பள்ளிக்கூட டைரியில் டீச்சர் என்ன எழுதுகிறாள் என்று கண்டுபிடிக்கவே, நீ பள்ளிக்கூடம் போன பிறகு உன் பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துப் படித்தவள் நான். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, சோப்பு உறை, எதைக் கண்டாலும் கூட்டி வாசிப்பேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது உன்னை வேவு பார்க்க என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்குத்தான் உதவியது.

ஆறேழு மாசம் போயிருக்கும். கர்ஜத்தில் உங்கள் வாலிபர் முகாம் நடக்க இரண்டு வாரம் இருந்தது. அந்த மாசக் கவரில் ஒரு சீட்டு: "முஜே பொத்தானை நஹீ பன்னா. அம்மா ரோயேகி, இஸ்லியே ஹா போல் தூங்கா." எனக்குப் பொத்தானையாக இருக்க வேண்டாம், அம்மா அழுவாள், அதனால் சரி என்று சொல்லிவிடுவேன். உலகத்தில் எவனுக்கும் புரியாத ஒரு வார்த்தையைத் தேடி எடுத்துப் போட்டிருந்தாய். ஆண்டவருக்கு மட்டும் புரியட்டும் என்று எழுதியிருக்கிறாய் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் பொருத்தனை கைவிட்டுப் போகிறது என்ற நடுக்கம்தான். உன் பாரத்தை வாசித்துவிட்டு என் பாரத்துக்காக அழுதேன்.

அதோடு சீட்டை மடித்து வைத்திருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது. அடுத்த புதன்கிழமை கிறிஸ்டோபர் பிரதர் கவரைத் திரும்ப வாங்கும்போது அந்தச் சீட்டை எடுத்து, "அக்கா, இது மட்டும் பிடிபடல. பொத்தானைன்னா என்ன?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை, ஜோயல். உண்மையாகவே தெரியவில்லை. எனக்கும் தெரியல பிரதர் என்று மூணு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சீட்டு மற்றதோடு எரிந்திருக்கும். நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது எம் மகன் பிரதர்" என்றேன். உன் சின்ன வயசுக் கதையை, கையைத் தும்பிக்கையாக ஆட்டியதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மனசை ஆண்டவர் தொடும்படி முகாமில் விசேஷமாக ஜெபியுங்கள் என்று கேட்டும் கொண்டேன். ஊரே கேட்கப் பேசினால் அது புறணி, கண்ணை மூடிக்கொண்டு பேசினால் அது ஜெபக் குறிப்பு என்றுதான் எங்களுக்கு வழக்கமாகியிருந்தது. அந்த வழக்கத்தில்தான் உன்னைக் கொடுத்தேன்.

முகாமின் கடைசி நாள் காலை ஆராதனைக்குப் பெற்றோரை எல்லாம் பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். நான் பின் வரிசையில் இருந்தேன். பிரசங்கம் முடிகிற இடத்தில் கிறிஸ்டோபர் பிரதர் மைக்கில் சிரித்துக்கொண்டே, "இங்க ஒரு ஆனை உக்காந்திருக்கு. பொத்தானை. அம்மா ஒப்புக்கொடுத்த ஆனை, ஆனா ஓடப் பாக்குது" என்றார். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். "வா பொத்தானை, இன்னைக்கு முன்னால வா" என்றார். நீ திரும்பிப் பார்த்தாய். பின்னால் இருந்த என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த ஆல்வினைப் பார்த்தாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து உன்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவன், நம் வீட்டுக்கு வெளியே அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள். பிறகு எழுந்து முன்னால் போய் முழங்கால் போட்டாய். தாய்மார் எல்லாம் அழுதார்கள். நானும் அழுதேன், சந்தோஷத்தில். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து உன் பேருக்கு நேரே பதில் பத்தியில் சரி போட்டேன்.

பஸ்ஸில் வரும்போதே "ஏ ஹாத்தி, பைட் ஜா", ஏ ஆனை, உட்காரு என்று பிள்ளைகள் தொடங்கிவிட்டன. நீ ஆல்வினை விட்டு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தாய். மறுநாள் நீ டியூஷன் போயிருந்த நேரம் ஆல்வின் நம் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. "ஆன்ட்டி, அவன் நான்தான் பிரதர்ட்ட சொன்னேன்னு நெனைக்கான். நான் சொல்லல. நீங்க அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்றான். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "ஜெபம் பண்ணிக்கிடுதேன் தம்பி" என்றேன். "சரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கு மறுநாள் நீ சட்டை கிழிந்து வந்தாய். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சண்டை, ஆல்வினுக்கு உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறது என்று அவன் அம்மா ராஜாத்தி வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் கேட்டதற்கு, "அவன் பேச்ச இந்த வீட்ல எடுக்காத" என்றாய். நான் எடுக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. உன் சட்டையைத் தைத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நாசிக் பக்கம் ஊழியப் பயிற்சிக்கு அனுப்பினோம். பதினோரு மாசம் இருந்தாய். பிறகு ஒரு நாள் அங்கிருந்து கிளம்பி, வீட்டுக்கு வராமல், உல்லாஸ்நகரில் ஏசி ரிப்பேர் கடையில் போய்ச் சேர்ந்துகொண்டாய். பயிற்சிப் பள்ளியிலிருந்து எங்களுக்கு போன் வந்த பிறகுதான் தெரியும். சபையில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். உனக்காகப் புதன்கிழமை எல்லாம் பேர் சொல்லி ஜெபித்தார்கள். கிறிஸ்டோபர் பிரதர் அதற்குள் கனடா போயிருந்தார். அவர் எண்ணுக்கு இரண்டு முறை செய்தி அனுப்பினேன், உங்கள் பிள்ளை இப்படி இருக்கிறான், ஒரு வார்த்தை பேசுங்கள் என்று. பார்த்த அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. ஒரு பிள்ளையின் உள்ளத்தை மைக்கில் உரித்துக் காட்டத் தெரிந்த மனுஷனுக்கு, அந்தப் பிள்ளை எங்கே சாப்பிடுகிறான் என்று கேட்க நேரமில்லை.

போன வருஷம் அவரை வீடியோவில் பார்த்தேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே போனில் பிரசங்கம் ஓடவிட்டிருந்தேன். பெரிய ஹால், நல்ல கோட்டு, முன்னால் நம் ஜனங்கள்தான். "தாராவியில ஒரு தாய், படிக்காத தாய்" என்று ஆரம்பித்தார். கத்தியை வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன். பொத்தானைக் கதையை முழுசாகச் சொன்னார், தும்பிக்கை ஆட்டிக் காட்டினார், ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். கடைசியில், "அந்தப் பையன் இன்னைக்கு வட இந்தியாவில வல்லமையான ஊழியக்காரன்" என்றார். நீ அந்த வாரம் புனேயில் ஒரு ஹோட்டல் மொட்டை மாடியில் கம்ப்ரசர் மாற்றிக்கொண்டிருந்தாய், வெயிலில் தோள் கருகிப்போன போட்டோ அனுப்பியிருந்தாய். அந்த போட்டோவையும் அந்த வீடியோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என் மகனை எடுத்துக்கொண்டு போய், அவன் பிழைப்பைத் துடைத்துவிட்டு, அவர் ஒரு கதையை வைத்துக்கொண்டிருக்கிறார். நான் ஒரு தாயாக நம்பி வைத்த இடத்தில் என்னையும் உன்னையும் சிரிப்புக்கு விற்றிருக்கிறார். அன்றைக்கு வயிறு எரிந்தது, ஜோயல். இன்றைக்கும் அது ஆறவில்லை. அவரை மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்ல முடியும். உன்னிடம் பொய் எழுத வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்லவில்லை.

ஆனால் அந்த எரிச்சலில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. ஏமாற்றியவர் அவர், ஏமாந்தவள் நான் என்று ஒரு வருஷமாக அதிலேயே குளிர் காய்ந்தேன். இரண்டு மாசம் முன்னால் வாலிபர் ஊழியத்தைப் புதிதாக எடுத்து நடத்த ஷீபா என்ற ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பிள்ளை, மனசு சுத்தம். பிள்ளைகளுக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என்று வாட்ஸ்அப்பில் குழு போட்டாள். போன மாசம், ஜெபிக்கச் சொல்லி, பிள்ளைகள் அவளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்றின் போட்டோவை எங்கள் குழுவில் போட்டாள். யாரோ ஒரு பெண்பிள்ளையின் உருட்டுக் கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் தனக்கு நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றி. கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். ஒருத்தி, "இது நம்ம பில்டிங் பிள்ள மாதிரி இருக்கே" என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்து உறைந்து போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நானும் ஒரு கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுத்தான் வைத்தேன். அந்த வீடியோவைப் பார்த்து வயிறு எரிந்த அதே நான்.

நீ போன் பண்ணி, யாரும் ஜெபம் பண்ண வேண்டாம் என்ற பிறகுதான் எனக்கு அந்தப் பொம்மையும் ஞாபகம் வந்தது, ஆல்வினும் ஞாபகம் வந்தான். வெள்ளிக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். செம்பூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறான். அவன் அம்மா வழியாகத் தெரியும். என்னை அடையாளம் தெரியாமல், "சீட்டு குடுங்க" என்று கையை நீட்டினான். பிறகு பார்த்து, "ஆன்ட்டியா, என்ன ஆன்ட்டி, யாருக்கு உடம்பு?" என்றான். நின்ற இடத்திலேயே சொன்னேன். பெட்டியை, கவரை, அவர் கேட்ட கேள்வியை, நான் சொன்ன பதிலை. அவன் மாத்திரை அட்டைகளை டப்பாவில் அடுக்குவதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு, "எனக்குத் தெரியும் ஆன்ட்டி" என்றான். "நீங்க ஜெபம் பண்ணிக்கிடுதேன்னு சொன்னீங்கல்லா, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அப்படியானால் ஏன்ய்யா அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "சொன்னேனே. மறுநாள் ஸ்கூல் பின்னாடி வச்சுச் சொன்னேன், உங்க அம்மாதான்ல சொல்லிருக்காங்கன்னு. அதுக்குத்தான் அடிச்சான். எங்க அம்மா அப்படிப் பண்ண மாட்டா, எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாதுன்னு சொல்லிச் சொல்லி அடிச்சான்."

இத்தனை வருஷமும் நீ அவனை அடித்தது அவன் துரோகத்துக்காக என்று நினைத்திருந்தேன். அது எனக்காக அடித்த அடி. நீ தையல் போடும் அளவுக்கு அடித்தது என் பேருக்குக் குறை வரக் கூடாது என்று. அந்த முகாமில் என் பக்கம் திரும்பிப் பார்க்காமல் அவனைப் பார்த்தாயே, அதுவும் அதற்குத்தான். சந்தேகப்பட வேண்டியவர்கள் கணக்கில் நான் உனக்கு வரவே இல்லை. அப்படி நம்பினவனைத்தான் நான் கொடுத்தேன். கிறிஸ்டோபர் பிரதர் உனக்கு வெளி ஆள். நீ அவருக்குக் கொடுத்தது ஒரு சீட்டு. எனக்குக் கொடுத்தது அது இல்லை.

கல்யாணத்துக்கு வாய்யா என்று ஆல்வினைக் கூப்பிட்டேன். "அவன் கூப்பிடட்டும். நீங்க கூப்ட்டு நான் வாரதுக்கில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கினான். உதட்டோரம் அந்தத் தையல் தழும்பு இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. அவன் அதைத் தொட்டுக் காட்டவில்லை.

நாளைக்கு உனக்கும் ஸ்வாதிக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். எந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னாலும் ஜன்னல் கம்பியைப் பிடிக்கும் நாள் உனக்கு வர வேண்டாம். வந்தால், உன்னுடையதை மட்டும் கொடு. உன் தூக்கத்தை, உன் சாப்பாட்டை, உன் கோபத்தை. பிள்ளை தன் வாயில் ஒரு வார்த்தையை உடைத்துச் சொல்லும், எல்லாப் பிள்ளையும் சொல்லும். அதைக் கேட்டு வீட்டுக்குள் சிரித்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு வெளியே அது போக வேண்டாம், எவ்வளவு நல்ல மனுஷர் வந்து கேட்டாலும். பிள்ளை தெரியும்படி வைக்காத எழுத்தை, உனக்கு வாசிக்கத் தெரிந்தாலும் வாசிக்காதே. வாசித்துத் தொலைத்துவிட்டால், அந்தப் பிள்ளையிடமே போய் நான் பார்த்துவிட்டேன் என்று சொல்லு. அன்றைக்கே சொல்லு. நான் பன்னிரண்டு வருஷம் கழித்துச் சொல்வதைப் பார்க்கிறாயே, இதில் யாருக்கு என்ன திரும்பக் கிடைக்கிறது?

பொருத்தனை என்னுடையது. உன்னுடையது இல்லை. ஊழியம் பண்ண வேண்டியவள் நானாக இருந்தால், எனக்குத் தெரிந்த ஒரே ஊழியம் அந்தப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று இதை வாசிப்பதுதான். அந்த உருட்டுக் கையெழுத்துப் பிள்ளையின் தாயும் அங்கே உட்கார்ந்திருப்பாள். ஷீபாவிடம் நேற்றே பேசினேன். போட்டோவை அழித்துவிட்டாள், அந்தப் பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்டாள், அழுதாள். ஆனால் எத்தனை போனில் அது இறங்கியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அதைத்தான் அங்கே சொல்ல வேண்டும். உன் கதை இல்லாமல் எனக்கு அதைச் சொல்லத் தெரியாது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம். இந்த முறை கேட்டுவிட்டுத்தான்.

நோட்டில் உன் பேருக்கு நேரே போட்ட அந்தச் சரியை நேற்று அடித்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதவில்லை. கல்யாணத்தில் நான் வாயைத் திறந்து ஜெபம் பண்ண மாட்டேன், மனசுக்குள்ளும் உன் பேரைச் சொல்லி எதுவும் கேட்க மாட்டேன். ஸ்வாதியின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். வர வேண்டாம் என்று நீ சொன்னாலும் அது எனக்கு நியாயமாகவே படும்.

இந்தக் கடிதத்தில் உனக்கு வாசிக்க வராத இடம் நிறைய இருக்கும். சின்ன வயசில் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தில் தடுக்கினால் நீ யாரிடம் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அவன் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதினேன். அவனுக்குப் போன் பண்ணு. எங்க அம்மா அப்படிப் பண்ண மாட்டா என்று அவனை அடித்தாயே. அவன் பொய் சொல்லவில்லை, ஜோயல். பண்ணினேன்.

அம்மா